மூன்றாவது துளை

வீடு கட்டுகிறவர்களுக்குக் கை இறுகும் கட்டம் ஒன்று உண்டு. அது அஸ்திவாரத்தில் வருவதில்லை, தளம் போடும்போதும் வருவதில்லை. அங்கெல்லாம் வங்கிக் கடனில் இன்னும் தவணை பாக்கி இருக்கும்; மேஸ்திரி கேட்ட கம்பியைக் குறைத்துப் போடச் சொல்ல யாருக்கும் துணிச்சலும் இருக்காது. பூச்சு முடிந்து, சுவர் காய்ந்து, கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துப் பத்திரிகையும் அச்சுக்குப் போன பிறகுதான் பணப்பையின் அடி தெரிகிறது. எலக்ட்ரீஷியன் வயர் இழுக்க வருவதும் அந்த நேரத்தில்தான். தளத்துக் கான்கிரீட்டுக்கு முன்பே பைப்பும் ஃபேன் பாக்ஸும் வைத்தாயிற்று. சுவரில் காடி வெட்டிப் பைப் பதித்து மேலே பூசியும் ஆயிற்று. இனி அந்தப் பைப்புக்குள் என்ன போகிறது என்பது மட்டுமே பாக்கி. இரண்டரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர் போக வேண்டிய இடத்தில் ஒன்று போனாலும் பைப் வாய் திறக்காது. எர்த்துக்கென்று பச்சை வயர் கூடவே போனாலும் போகாவிட்டாலும் சுவரின் நிறம் மாறாது. ஆனால் ஹாலில் ஃபால்ஸ் சீலிங் ஓரமாக ஓடும் மஞ்சள் வெளிச்சமும் மாடிப்படிக்கு மேல் தொங்கும் கொத்துவிளக்கும் விருந்துக்கு வரும் அத்தனை பேர் கண்ணிலும் படும். பட்டியலில் எந்த வரியின் மேல் பேனா ஓடும் என்று யூகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். நான் கேட்க நினைப்பது அதற்கு அடுத்த கேள்வி. அந்தப் பேனாக்கோடு வெறும் சிக்கனத்தில் நேர்ந்த பிழையா, அறத்தில் நேர்ந்த பிழையா?

பதில் தேடுமுன் எர்த் என்ன செய்கிறது என்பதில் தெளிவு வேண்டும். ஃபேஸ் மின்சாரத்தைக் கொண்டுவருகிறது, நியூட்ரல் திருப்பிக் கொண்டுபோகிறது. லைட் எரியவும் ஃபேன் சுற்றவும் இந்த இரண்டே போதும். மூன்றாவதாக வரும் எர்த் வயருக்கு நல்ல நாளில் வேலையே கிடையாது. ஒருநாள் ஹீட்டரின் காயில் பழுதாகிறது, அல்லது வாஷிங் மெஷினுக்குள் ஒரு வயரின் உறை தேய்ந்து செம்பு தெரிகிறது. ஃபேஸ் அந்தச் சாதனத்தின் இரும்பு உடம்பைத் தொட்டுவிடுகிறது. எர்த் இருந்தால் மின்சாரம் அக்கணமே அதன் வழியே மண்ணுக்குப் பாயும். போன மின்சாரத்துக்கும் திரும்பிய மின்சாரத்துக்கும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே ஆர்.சி.சி.பி. என்ற சிறு பெட்டி இணைப்பைத் துண்டித்துவிடும். எர்த் இல்லாத வீட்டில் அந்த இரும்பு உடம்பு 230 வோல்ட்டைச் சுமந்துகொண்டு சும்மா நிற்கும். மெஷின் ஓடும், துணி வெளுக்கும், ஒரு குறையும் தெரியாது. மண்ணுக்குப் போக வழியில்லாத மின்சாரம் அந்த வழி வந்து தொடும் வரை காத்திருக்கும். ஈரக் கையும் ஈரத் தரையுமாக நிற்கும் உடம்பின் தடையை ஆயிரம் ஓம் என்று வைத்துக்கொண்டால் பாய்வது 230 மில்லி ஆம்பியர். அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானதே தசையை இறுக்கி, பிடித்ததை விட முடியாமல் செய்துவிடும். எர்த் போடாமல் ஆர்.சி.சி.பி. மட்டும் வைத்த வீட்டிலும் அது துண்டிக்கும்தான், ஆனால் ஒருவர் தொட்ட பிறகு. எர்த்தும் சேர்ந்திருந்தால் தொடும் முன்பே துண்டிக்கும். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த 'முன்பே'யைப் பற்றியதுதான். தொடப்போகும் கை யாருடையது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். பட்டியலில் கோடு போட்டவருடைய கையாக அது இருக்க வேண்டிய அவசியமில்லை. துணி துவைப்பவருடையதாக இருக்கலாம், பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவுடையதாக இருக்கலாம், பத்து வருடம் கழித்து மாடியில் குடிவரும் வாடகைக்காரருடையதாக இருக்கலாம், இன்னும் பிறக்காத ஒரு குழந்தையுடையதாகக்கூட இருக்கலாம்.

சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டை ஒருமுறை உற்றுப் பாருங்கள். கீழே இரண்டு துளை, மேலே பெரிதாக ஒன்று. மூன்று பின் பிளக்கிலும் அந்த மேல் பின் மற்ற இரண்டையும்விட நீளம், தடிமனும் அதிகம். சொருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும் என்று யோசித்துச் செய்த நீளம் அது. எர்த் வயர் இழுக்காத வீட்டிலும் இந்தத் துளை இருக்கிறது, ஏனென்றால் கடையில் கிடைப்பது மூன்று துளைப் பலகைதான். பின்னால் எதோடும் சேராத அந்தத் துளை பார்க்கிறவரிடம் ஒன்றைச் சொல்கிறது, இங்கே உனக்குக் காவல் இருக்கிறது என்று. உறை கிழிந்து தொங்கும் வயரைக் கண்டால் சின்னப் பிள்ளைகூட விலகி நடக்கும். மூன்றாவது துளையைக் கண்டவர் நம்பிக் கை வைப்பார். பொய் சொல்ல நாக்கு வேண்டும் என்று கட்டாயமில்லை. தராசுத் தட்டின் அடியில் ஒட்டிய புளியும் பொய்தான் சொல்கிறது. ஆனால் புளியால் ஏமாந்தவர் வீட்டுக்குப் போய் மறுபடி நிறுத்துப் பார்க்கலாம். சுவருக்குள் இருப்பதை அதில் குடியிருப்பவர் எதைக்கொண்டு நிறுப்பார்?

இவ்வளவும் முன்யோசனை சம்பந்தப்பட்டது, இதில் அறத்தை ஏன் இழுக்க வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். அவர் பக்கம் வள்ளுவரே சாட்சிக்கு வருவதுபோலத் தோன்றும். தீங்கு வரும் முன் காத்துக்கொள்ளாதவனின் வாழ்வை நெருப்பின் எதிரே கிடக்கும் வைக்கோல் போருக்கு ஒப்பிடும் குறள் இருப்பது குற்றங்கடிதல் அதிகாரத்தில். அந்த அதிகாரம் இருப்பதோ பொருட்பாலில், அரசியல் பகுதியில். அதாவது முன்யோசனை என்பது ஆளத் தெரிந்தவனுக்குரிய கெட்டிக்காரத்தனம், இல்லறத்தானின் கடமைப் பட்டியலில் சேராது என்று வாதாட இடமிருக்கிறது. எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. தன் பணத்தைத் தானே இழக்கப் போகிறவன் யோசிக்காமல் இருந்தால் அது மடமை, அவ்வளவுதான். ஒருவன் யோசிக்காததால் இன்னொருவனின் உடம்பு விலை கொடுக்கிறது என்றால் அதே செயல் வேறு பாலுக்கு மாறிவிடுகிறது. அரசனுக்கு அந்தக் குறளைச் சொல்லும்போது வள்ளுவருக்கும் இது தெரியாமல் இருந்திருக்காது. அரசன் அசந்தால் முதலில் எரிவது குடிகளின் கூரை. வீடு கட்டுகிறவர் தன் சுவர்களுக்குள் ஒரு சிற்றரசர். பைப்புக்குள் என்ன போகலாம் என்று கட்டளையிடும் அதிகாரம் அவர் ஒருவருக்கே, அதுவும் அந்தச் சில நாட்களுக்கு மட்டுமே இருக்கிறது. பிறகு அந்த வீட்டில் வாழப்போகிற யாருக்கும் அந்த அதிகாரம் சுலபத்தில் கிடைக்காது, சுவரை உடைத்தால் தவிர.

வலுவான ஆட்சேபம் வேறிடத்திலிருந்து வருகிறது. எர்த்தைத் தவிர்த்தவர் யாரையும் கொல்ல நினைக்கவில்லையே. எண்ணமே இல்லாத இடத்தில் பாவம் எப்படி ஒட்டும்? இந்தியச் சிந்தனையில் மிகப் பழைய வழக்கு இது. பாலி நூலான மஜ்ஜிம நிகாயத்தில் உபாலி என்ற வசதியான இல்லறத்தான் ஒருவன் வருகிறான். நிகண்ட நாதபுத்தர் என்று அந்த நூல் சொல்லும் சமண மகாவீரரின் அடியவனாகப் புத்தரிடம் வாதாடப் போகிறான். உடம்பால் செய்யும் செயலே பெரும்பாவம் என்பது அவன் கட்சி, மனத்தால் செய்வதே பெரிது என்பது புத்தரின் கட்சி. புத்தர் அவனை மடக்கும் இடம் அழகானது. உயிர்களைக் காப்பதாக நோன்பிருக்கும் துறவியும் நடந்துபோகும்போது எத்தனையோ சிற்றுயிர்களை மிதித்து விடுகிறாரே, அது பெருங்குற்றமா என்று கேட்கிறார். எண்ணாமல் நேர்ந்தது பெருங்குற்றமாகாது என்று உபாலியே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்த வழக்கு இத்துடன் முடிந்திருந்தால் நம் வீட்டுக்காரருக்கும் விடுதலைதான். ஆனால் சமணம் இதற்குப் பிறகும் யோசித்தது. கொல்ல நினைத்தானா இல்லையா என்ற இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு மனநிலை இருப்பதை அது கண்டுபிடித்தது. வடமொழியில் அதற்குப் பிரமாதம் என்று பெயர். இன்று நாம் 'பிரமாதம்' என்று பாராட்டுக்குச் சொல்லும் பொருளில் அல்ல. அங்கே அதன் பொருள் அசட்டை, விழிப்பின்மை. சமண நூலாசிரியர் உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் சொல்லும்போது கொலைவெறியைக் குறிப்பிடவில்லை. அசட்டையான செயல்பாட்டால் உயிருக்கு நேரும் தீங்கு என்றே வரையறுக்கிறது. குனிந்து பார்த்து நடக்கிற துறவியின் காலடியில் தப்பித்தவறி ஒரு எறும்பு நசுங்குவதும், பாராமல் நடக்கிறவன் மிதிப்பதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுதான். முன்னவனுக்குக் கொல்லும் எண்ணம் இல்லை, பின்னவனுக்கும் இல்லை. ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல என்று நம் மனம் உடனே சொல்கிறதே, அந்தச் சொல்லுக்குச் சமணம் இலக்கணம் எழுதிவைத்தது.

இதை வைத்துப் பார்த்தால் 'தெரியாமல் நடந்துவிட்டது' என்ற வாக்குமூலத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. தெரிந்துகொள்ள வழியே இல்லாதவருக்கு அது நியாயம். எர்த் போடலாமா என்று எலக்ட்ரீஷியன் கேட்டு, அது எவ்வளவு ஆகும் என்று விசாரித்து, 'இப்போதைக்கு வேண்டாம்' என்று சொன்னவர் அந்த வரிசையில் நிற்க முடியாது. அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததைப் பற்றி நினைக்காமல் இருக்க ஒரு வசதி இருந்தது, அந்த வசதியைப் பூச்சு தந்தது. நினைக்காமல் இருப்பதும் நாம் செய்கிற ஒரு செயலே என்பதைக் கோயில் குருக்களைவிடக் கணக்குப்பிள்ளைகள் நன்றாக அறிவார்கள். எந்தச் செலவை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை என்று அவர்களைக் கேட்டால் தெரியும்.

சரி, ஆனால் எத்தனை வீடுகள் எர்த் இல்லாமலே நாற்பது ஐம்பது வருடம் நின்றிருக்கின்றன, யாருக்கு என்ன ஆயிற்று? இது தெருவில் அடிக்கடி கேட்கும் வாதம், எளிதில் தள்ளக்கூடியதும் அல்ல. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி மின்சாரம் தாக்கி இறப்போர் இந்தியாவில் அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல். அது வயல்வெளியும் அறுந்து விழுந்த கம்பியும் எல்லாம் சேர்ந்த கணக்கு. கோடிக்கணக்கான வீடுகளுக்கு நடுவே வைத்தால், குறிப்பிட்ட ஒரு வீட்டில் குறிப்பிட்ட ஒரு நாளில் அது நேரும் வாய்ப்பு மிகச் சிறியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. நான் கேட்பது வேறு. ஒரே தெருவில் ஒரே அளவில் இரண்டு வீடு, இரண்டிலும் எர்த் இல்லை. ஒன்றில் ஒரு மழைக்கால மாலையில் ஒரு பெண் இறந்துபோகிறாள். மற்றதில் ஒன்றும் நேரவில்லை. இரண்டு வீட்டுக்காரர்களும் செய்தது ஒன்றே, யோசித்தது ஒன்றே, மிச்சம் பிடித்த பணமும் ஒன்றே. ஒருவரைக் குற்றவாளி என்றும் மற்றவரைச் சிக்கனக்காரர் என்றும் சொல்ல நமக்கு இருக்கும் ஒரே ஆதாரம் ஹீட்டரின் காயில் எப்போது பழுதாயிற்று என்பது. மனிதனின் தகுதியைக் காயில் தீர்மானிக்கக் கூடாது என்று நினைத்தால், இரண்டு வீட்டிலும் நடந்தது ஒன்றே என்றுதான் சொல்ல வேண்டும். சமண ஆசாரியர் குந்தகுந்தர் தம் பிரவசன சாரத்தில் இந்த முடிவுக்குத்தான் வருகிறார். உயிர் போனாலும் சரி, பிழைத்தாலும் சரி, கவனமில்லாமல் நடந்துகொண்டவனுக்கு இம்சை உறுதி; கவனத்தோடு இருந்தவனை, தீங்கு நேர்ந்தது என்பதற்காக மட்டும் வினை பற்றாது என்பது அவர் கருத்து. வந்தவாசிக்குப் பக்கத்தில் பொன்னூர் மலையில் அவருடையவை என்று தமிழ்ச் சமணர் வணங்கும் பாதங்கள் இருக்கின்றன. ஒன்றும் ஆகவில்லையே என்ற சமாதானத்துக்கு இதைவிடக் கறாரான பதில் எனக்குத் தெரிந்து எங்கும் இல்லை.

விதியைப் பிடித்துக்கொள்கிறவர்களுக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். ஆயுசு கெட்டியாக இருந்தால் மின்சாரம் என்ன செய்யும் என்பவர், அதே துணிவோடு தளத்தில் கம்பியைப் பாதியாக்கிவிட்டு அதன் அடியில் கட்டிலைப் போடுவதில்லை. வாசலுக்குப் பூட்டு வாங்காமல் இருப்பதும் இல்லை. சுவருக்குள் மறைகிற பொருளிடம் மட்டும் விதி வந்து உட்கார்ந்துகொள்கிறது என்றால் அதை விதி என்று சொல்வது விதிக்கே மரியாதைக் குறைவு.

இதைவிடக் கவனிக்க வேண்டிய வாதம் பொறுப்பை மாற்றிவிடும் வாதம். வயரிங் தெரிந்தவர் எலக்ட்ரீஷியன், லைசென்ஸ் வாங்கியவர் காண்ட்ராக்டர், ஆய்வு செய்து இணைப்புக் கொடுப்பது ஈ.பி.; பணம் கொடுப்பதோடு வீட்டுக்காரர் வேலை முடிந்தது என்பார்கள். வேலை பேசும் விதத்தை அறிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். லைட் பாயிண்டுக்கு இவ்வளவு, பவர் பாயிண்டுக்கு இவ்வளவு என்று பேரம் தொடங்குகிறது. அல்லது மெட்டீரியலோடு சேர்த்துச் சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாக முடிகிறது. மூன்று பேரிடம் விலை கேட்டு, குறைத்துச் சொன்னவரை இன்னும் குறைக்கச் சொல்லி, கடைசியில் கைகுலுக்குகிறோம். குறைந்த காசுக்குள் அவர் எங்கே சரிக்கட்டுவார்? நாம் தினமும் தொடுகிற மாடுலர் சுவிட்சில் கைவைக்க முடியாது, கம்பெனிப் பெயர் பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறோம். மின்விநியோகப் பெட்டியான டி.பி. பாக்ஸின் மூடியும் கண்ணுக்குத் தெரிகிறது. வயரின் கனத்திலும் எர்த்துக்குத் தோண்டும் குழியின் ஆழத்திலும்தான் இடம் இருக்கிறது. கனம் பாதியானால் வயரின் தடை இரட்டிப்பாகும், அதில் அதே மின்சாரம் ஓடும்போது எழும் சூடும் இரட்டிப்பாகும். 2,000 வாட் ஹீட்டர் ஒன்று இழுப்பது ஒன்பது ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு, ஏ.சி.யும் இண்டக்‌ஷன் அடுப்பும் அதே வயரில் சேர்ந்தால் கணக்கு எங்கே போகும் என்று பார்த்துக்கொள்ளலாம். புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் எதிர்கொள்வது இதே வகை ஆளைத்தான். நான் கொல்லவில்லை, விலைக்குத்தான் வாங்கினேன் என்று நிற்பவனிடம், வாங்க ஆள் இருப்பதால்தான் அந்தத் தொழிலே நடக்கிறது என்று காட்டுகிறார். சந்தையில் கேட்கிற விலை ஒரு சொல் மாதிரி. கேட்டவர் வாயால் சொல்லாததையும் அது சொல்லிவிடுகிறது. நியாயமான விலைக்குக் கீழே ஒருவரைப் பேசி இறக்கியவர், எதைக் குறைத்தாய் என்று பிறகு கேட்காமல் இருக்கும் உரிமையையும் சேர்த்தே விலைக்கு வாங்கிக்கொள்கிறார். எலக்ட்ரீஷியனின் பங்கு இதனால் குறைந்துபோகவில்லை. குற்றத்தைப் பங்கு போட்டால் ஆளுக்குப் பாதிதான் என்பது சொத்துக் கணக்கில் செல்லும், இதில் செல்லாது.

இங்கே என் வாதத்துக்கு நிஜமான நெருக்கடி ஒன்று வருகிறது, வறுமை. குடிசைகளை மாற்ற 2024இல் தமிழக அரசு கொண்டுவந்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் ஒதுக்கினார்கள். கையிலிருந்தும் போட்டு, வட்டிக்கும் வாங்கி அந்த வீட்டை எழுப்புகிற குடும்பத்திடம் போய் உமாஸ்வாதியைப் பேசுவது கொடுமை. அவர்களுக்கு உண்மையிலேயே வழி இல்லாவிட்டால் பொறுப்பு அவர்களிடமிருந்து நகர்ந்து, மானியம் கொடுப்பவர்களிடமும் இணைப்புக் கொடுப்பவர்களிடமும் போய் நிற்கிறது என்றே கருதுகிறேன். விலைப்பட்டியலை எழுதும்போது எர்த்தையும் ஆர்.சி.சி.பி.யையும் தனி வரியாக எழுத வேண்டியவர்கள் அவர்கள். ஆனால் சிறிய வீட்டில் கணக்கு நாம் பயப்படும் அளவுக்குப் போவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான்கு லைட், இரண்டு ஃபேன், மூன்று பிளக் உள்ள வீட்டுக்குப் பச்சை வயர் அதிகம் தேவைப்படாது. குழியும் ஒன்றே. மொத்தத் தொகை எவ்வளவு என்பதைவிட, இருக்கும் தொகை எந்த வரிசையில் கரைகிறது என்பதே நான் பேசுவது. வரிசை தவறுவது ஏழை வீட்டில் அபூர்வம், ஏனென்றால் அங்கே கொத்துவிளக்குக்கு இடமே கிடையாது. மூன்று படுக்கையறையும் மாடியும் கட்டி, வாசல் கேட்டுக்கு மட்டும் ஒரு பெருந்தொகை ஒதுக்குகிற வீட்டில்தான் எர்த் குழிக்குக் காசில்லாமல் போகிறது.

அப்படியானால் அழகான வெளிச்சத்துக்குச் செலவு செய்வதே தவறா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. வெளிச்சமும் ஒரு காவல்தான். இருட்டு மாடிப்படியில் கால் தவறி விழுந்த முதியவருக்கு எந்த எர்த்தும் உதவாது. அதோடு, ஒளியைக் கடவுளாகவே வைத்த நாட்டில் நாம் இருக்கிறோம். கார்த்திகைக்குத் திருவண்ணாமலை உச்சியில் ஏற்றும் நெருப்பைப் பல மைல் தள்ளி நின்று பார்த்து, அதுவே போதும் என்று திரும்புகிறவர்கள் உண்டு. வடலூரில் ராமலிங்க அடிகள் கட்டிய சத்திய ஞான சபையில் சிலையே கிடையாது. ஏழு நிறத்தில் ஏழு திரை, அவற்றுக்குப் பின்னால் ஒளி. தைப்பூசத்தன்று திரைகளை ஒவ்வொன்றாக விலக்கிக் காட்டுகிறார்கள். சபையில் முதல் வழிபாடு நடந்தது 1872 ஜனவரியில். ஆனால் அதற்கு ஏறக்குறைய ஐந்து வருடம் முன்பே, 1867 மே மாதத்தில், அதே வடலூரில் பசித்தவர்களுக்குச் சோறு போடத் தருமசாலையைத் திறந்துவிட்டார். அன்று பற்றவைத்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்கிறார்கள். ஒளியே எல்லாம் என்று சொன்னவர் ஒளிக்கு இடம் கட்டுவதைப் பின்னால் வைத்துக்கொண்டார். அவர் மனத்தில் என்ன ஓடியது என்று நான் சொல்ல வரவில்லை. கையில் இருந்த காசுக்கும் ஆள்பலத்துக்கும் அவர் வகுத்த வரிசை ஆண்டுக் கணக்கில் பதிவாகி இருக்கிறது. நம் வீட்டுக் கணக்கில் அந்த வரிசை இன்னும் எளிது. ஹோல்டரில் ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பை மாட்டினால் பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சம் வந்துவிடும். கிரகப்பிரவேசத்துக்கு அது போதும். சீலிங்கில் பாயிண்ட் மட்டும் விட்டுவைத்தால் கொத்துவிளக்கு அடுத்த தீபாவளிக்கு வரலாம், அதற்கடுத்த பொங்கலுக்கும் வரலாம். பைப்பின் அளவைச் சிறியதாக வைத்துவிட்டு, எர்த்தை விட்டுவிட்டு, பிறகு நினைத்துக்கொண்டால் கொத்தனாரும் பெயின்டரும் மறுபடி வர வேண்டும். அதனால் யாரும் நினைத்துக்கொள்வதே இல்லை.

சடங்குகளைப் பார்த்தால் நமக்கே சிரிப்பு வரும். பூமி பூஜை உண்டு. நிலைக்கால் வைக்கும்போது அடியில் நவதானியமும் காசும் வைத்து மஞ்சள் குங்குமம் இடுகிறோம். ஆயுத பூஜையன்று மெயின் சுவிட்ச் பெட்டிக்கும் சந்தனப் பொட்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள். டி.பி. பாக்ஸ் அக்னி மூலையில்தான் இருக்க வேண்டும் என்று வாஸ்துக்காரர் சொன்னார் என்பதற்காக வயரைப் பதினைந்து அடி சுற்றிவளைத்து இழுக்கிறோம், அந்தப் பதினைந்து அடிக்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. எர்த் குழிக்கு மட்டும் ஒரு பூவும் கிடையாது. இத்தனைக்கும் வீட்டில் நடக்கும் வேலைகளிலேயே சடங்குபோலத் தோன்றுவது அதுதான். மண்ணைத் தோண்டுகிறார்கள், பைப்பையோ தகட்டையோ நட்டு வைக்கிறார்கள், சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காகக் கொட்டி நீர் ஊற்றுகிறார்கள். ஈரம் காய்ந்தால் மண்ணின் தடை ஏறிவிடும் என்பதால் கோடையில் அவ்வப்போது அதில் தண்ணீர் விட வேண்டும். துளசி மாடத்துக்கு ஊற்றும் கையால் இதற்கும் ஒரு செம்பு ஊற்றினால் சாஸ்திரம் எதுவும் தடுக்கப் போவதில்லை.

சடங்கு இங்கே வராததற்கு ஒரு காரணம் இருப்பதாகப் படுகிறது. சடங்கு நன்றிக்கோ வேண்டுதலுக்கோ செய்வது. இரண்டுக்குமே ஏதாவது ஒன்று நடக்க வேண்டும். எர்த் தன் வேலையைச் சரியாகச் செய்தால் ஒன்றும் நடப்பதில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை ஹீட்டரில் பழுது வந்து, ஆர்.சி.சி.பி. விழுந்து, எலக்ட்ரீஷியன் வந்து பார்த்து, காயில் போய்விட்டது என்று சொல்லிவிட்டுப் போகிறார். வீட்டில் எல்லோரும் ஹீட்டரைத் திட்டுகிறார்கள். அன்று யாரோ ஒருவர் சாகாமல் இருந்தது யாருக்கும் தெரியாது, பிழைத்தவருக்கும் தெரியாது. கீதை பலனில் ஆசை வைக்காமல் செய் என்கிறது; ஆனால் அர்ச்சுனனுக்குத் தன் அம்பு தைத்ததா இல்லையா என்று பார்க்கவாவது முடியும். பச்சை வயருக்குப் பணம் கொடுத்தவருக்கு அந்தப் பார்வையும் இல்லை. பலனைத் துறப்பதைவிட, பலன் உண்டா என்று தெரிந்துகொள்ளும் ஆவலையும் துறப்பது கடினம். வீட்டுக்கணக்கு என்பது போட்டதையும் வந்ததையும் எதிரெதிரே எழுதிப் பழகிய நோட்டு; அதில் இந்தச் செலவுக்கு எதிரே எப்போதும் வெற்றிடம்தான் இருக்கும். அதனால்தான் சிக்கனம் என்ற அளவுகோலை மட்டும் வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது என்கிறேன். அந்த அளவுகோலில் எர்த் எப்போதும் தோற்கும்.

பார்க்க முடியாததைப் பற்றி எஞ்சியிருப்பது சாட்சி சொல்வது ஒன்றுதான். ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் வீடு முழுவதும் ஒரு நொடியில் இருண்டுபோக வேண்டும், போகாவிட்டால் அந்தப் பெட்டி செத்துவிட்டது. ஆனால் அந்தப் பொத்தான் பெட்டியைப் பற்றி மட்டுமே சொல்லும், எர்த்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதற்குக் குழியில் மீட்டர் வைத்து அளந்தாக வேண்டும். சுவரைப் பூசும் முன் பைப் ஓடும் வழியைப் படமெடுத்து, எந்த லைனுக்கு எத்தனை ஸ்கொயர் வயர், குழி எந்த மூலையில், அளந்தபோது எத்தனை ஓம் என்று ஒரு தாளில் எழுதி வைக்க அரைமணி நேரம் போதும். வீடு கைமாறும்போது மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டுவரி ரசீது எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் அடுக்கி வாங்குபவரிடம் கொடுக்கிறார்கள். நிலம் யாருடையது என்பதற்கு நூறு வருடச் சாட்சி அந்த உறையில் இருக்கும். சுவருக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லும் தாள் அதில் இருப்பதில்லை. வாங்குபவர் கேட்பதும் இல்லை.